அத்தியாயம் 6: விழுந்து பழக ஓர் இடம்

12 வயது முதல் 18 வயது வரையுள்ள மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கு உள்ளூரில் ஒரு பயிற்சி மன்றம் தொடங்க நினைப்பவர்களுக்காக இந்த அத்தியாயம். இடம், பணம், சங்கப் பதிவு ஆகியவற்றைப் பிறகு பார்ப்போம். அவற்றுக்கெல்லாம் முன்பாக முடிவு செய்ய வேண்டியது ஒன்று உண்டு. மன்றம் நடக்கும் நேரத்தில் வேடிக்கை பார்ப்பவர்கள் யாரும் உள்ளே இருக்கக் கூடாது.

ஒரு வயதுக் குழந்தை நடை பழகும்போது நாளுக்கு நூறு தடவை விழுகிறது. வீடு கைதட்டிச் சிரிக்கிறது, குழந்தை எழுந்து மறுபடி நடக்கிறது. பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி வீல்சேரில் நிலைப்படி தாண்டப் பழகி ஒரே ஒரு தடவை விழுந்தால் தெருவே கூடிவிடும். "ஐயோ பாவம்" என்பார்கள், நாலு பேர் தூக்குவார்கள், அம்மாவைத் திட்டுவார்கள். மறுநாள் அந்தப் பெண் பழக வர மாட்டாள். அவள் உடம்பில் அடியே பட்டிருக்காது. அத்தனை கண்கள் பார்த்தது போதும்.

ஆகவே பார்வையாளர் இல்லாத ஓர் அறை வேண்டும். அதில் விழலாம், அழலாம், கெட்ட வார்த்தைகூடப் பேசலாம். வெளியே வரும்போது படி தாண்டத் தெரிந்திருந்தால் போதும்.

ஆய்க்குடியில் தொடங்கியது

இந்த நூலில் பல இடங்களில் ஆய்க்குடி வரும். தென்காசிக்குப் பக்கத்தில், அனுமன் நதிக்கரையில், பாலசுப்பிரமணிய சுவாமி கோயிலுக்குப் பேர்போன ஊர் அது. இந்த ஊரைச் சேர்ந்த எஸ்.ராமகிருஷ்ணன் பொறியியல் படித்துக்கொண்டிருந்தபோது, 1975 ஜனவரியில், கடற்படை அதிகாரிக்கான தேர்வுக்குப் பெங்களூரு போனார். உடல்திறன் சோதனையின்போது உயரத்திலிருந்து விழுந்து கழுத்துத் தண்டுவடத்தில் அடிபட்டது. கழுத்துக்குக் கீழே உடம்பு செயலிழந்துவிட்டது. ராணுவ மருத்துவமனையில் அவருக்குச் சிகிச்சை அளித்தவர் அமர்ஜித் சிங் சாஹல் என்ற மருத்துவர். அவர் பெயரைத்தான் ராமகிருஷ்ணன் 1981இல் தொடங்கிய அமர் சேவா சங்கம் தாங்கி நிற்கிறது. ஐக்கிய நாடுகள் சபை சர்வதேச ஊனமுற்றோர் ஆண்டாக அறிவித்திருந்த ஆண்டு அது. ஓலைக் கொட்டகையில், விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய பிள்ளைகளோடு ஆரம்பித்தார்கள். 1992இல் தசைச்சிதைவு நோய் உள்ள பட்டயக் கணக்காளர் எஸ்.சங்கர ராமன் வந்து சேர்ந்தார். இன்று அங்கே பள்ளி இருக்கிறது, பிசியோதெரபி இருக்கிறது, தண்டுவடம் பாதிக்கப்பட்டவர்களுக்கான மறுவாழ்வுப் பிரிவு இருக்கிறது, தொழிற்பயிற்சி இருக்கிறது. 2020இல் ராமகிருஷ்ணனுக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

அவ்வளவு பெரிய வளாகத்தை நீங்களும் கட்ட வேண்டும் என்று சொல்ல வரவில்லை. ஆய்க்குடியிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான். அங்கே பொறுப்பில் இருப்பவரே வீல்சேரில் உட்கார்ந்திருக்கிறார். முதன்முதலாக உள்ளே வரும் பிள்ளை, தன்னைப் போன்ற ஒருவர் கோப்பில் கையெழுத்துப் போடுவதையும், வேலை வாங்குவதையும், விருந்தினரை வரவேற்பதையும் பார்க்கிறது. அதைப் பார்த்த பிறகு ஆலோசனை வகுப்பு எதுவும் தேவைப்படாது.

பிள்ளைகள் படிக்கும் சித்திரக் கதைகளில்கூட இது உண்டு. 1963இல் அமெரிக்காவில் தொடங்கிய 'எக்ஸ்-மென்' கதையில், விசேஷ சக்தி கொண்ட பதின்வயதினருக்கு ரகசியமாகப் பயிற்சி தரும் பள்ளியை நடத்தும் பேராசிரியர் சேவியர் சக்கர நாற்காலியில் இருப்பவர். நம் ஊரில் 1972இல் வந்த முத்து காமிக்ஸின் முதல் இதழ் 'இரும்புக்கை மாயாவி'. அந்த மாயாவி ஒரு கையை இழந்து இரும்புக் கை பொருத்திக்கொண்டவர். மூன்று தலைமுறைத் தமிழ்ப் பிள்ளைகள் தலையணைக்கடியில் ஒளித்து வைத்துப் படித்த நாயகன் ஒரு மாற்றுத்திறனாளி என்பதை மன்றத்தின் முதல் நாளே சொல்லிவிடுங்கள். பிள்ளைகளுக்கு அது பிடிக்கும்.

ஆனால் 'சூப்பர் ஹீரோ' என்று பேனர் அடித்து வாசலில் கட்டாதீர்கள். கட்டிலிலிருந்து வீல்சேருக்குத் தானே மாறிக்கொள்ளும் பையனை அதிசயப் பிறவி என்று புகழ்ந்தால், அவன் அதைத் தவறாகச் செய்யும்போது திருத்த யாருக்கும் மனம் வராது. அது ஒரு வித்தை. நீச்சல், தையல், சைக்கிள் மாதிரி சொல்லிக்கொடுத்தால் வரும். உள்ளே அவர்கள் தங்களுக்குள் பட்டப்பெயர் வைத்துக்கொள்ளட்டும், சங்கேதச் சொல் வைத்துக்கொள்ளட்டும், தனிக் கொடி போட்டுக்கொள்ளட்டும். அந்த வயதுக்கு அதெல்லாம் வேண்டும்.

ஒளிந்து கற்ற பிள்ளைகள்

பெரியவர்கள் தடுத்ததைப் பிள்ளைகள் ஒளிந்து கற்ற வரலாறு இந்தத் துறையில் உண்டு. லூயி பிரெயில் 1809இல் பிரான்சில் பிறந்தவர். மூன்று வயதில் அப்பாவின் தோல் பட்டறையில் ஊசி குத்திப் பார்வை போனது. பாரிஸில் பார்வையற்றோர் பள்ளியில் படிக்கும்போது, சார்ல் பார்பியே உண்டாக்கிய புள்ளி எழுத்து அவர் கைக்கு வந்தது. பன்னிரண்டு புள்ளிகள் ஒரு விரல் நுனிக்கு அதிகம் என்று கண்டு அதை ஆறாகக் குறைத்தார். 1824இல் அவருக்கு வயது 15. பல ஆண்டுகள் கழித்து அதே பள்ளிக்குப் புதிய தலைவராக வந்த துஃபோ, பார்வை உள்ளவர்களுக்கும் புரியும் எழுத்தே போதும் என்று புள்ளி எழுத்தைத் தடைசெய்தார். மாணவர்கள் விடவில்லை. ஆசிரியர் கண்ணில் படாமல் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்தார்கள், எழுதிக்கொண்டார்கள். கடைசியில் தலைவர்தான் இறங்கிவர வேண்டியிருந்தது. 1844இல் பள்ளியின் புதிய கட்டடத் திறப்பு விழாவிலேயே அந்த எழுத்தைப் பகிரங்கமாகச் செய்து காட்டினார்கள்.

காது கேளாத பிள்ளைகளுக்கும் இதே கதைதான். 1880இல் இத்தாலியின் மிலான் நகரில் கூடிய மாநாடு, சைகை மொழியை விட்டுவிட்டு வாய்ப்பேச்சில்தான் கற்பிக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டது. அதன்பின் பல நாடுகளில் வகுப்பில் சைகை செய்தால் தண்டனை. சைகை மொழியைக் காப்பாற்றியது விடுதிகள். விளக்கணைத்த பிறகும், விளையாட்டு நேரத்திலும், மூத்த பிள்ளைகள் இளைய பிள்ளைகளுக்குக் கொடுத்துக்கொண்டே வந்தார்கள்.

இந்த இரண்டிலும் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்தது பிள்ளைகளே. உங்கள் மன்றத்திலும் அதற்கு இடம் விடுங்கள். பதினேழு வயதுப் பெண் பதின்மூன்று வயதுப் பெண்ணுக்குச் சொல்லித்தரும் அரை மணி நேரத்தில் பெரியவர் யாரும் குறுக்கே போக வேண்டாம்.

ரகசியத்துக்கு எல்லை

மூடிய கதவு என்றவுடன் பெற்றோருக்கு வரும் பயம் நியாயமானது. மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளைத் தொட்டுத் தூக்க வேண்டியிருக்கிறது, உடை மாற்ற உதவ வேண்டியிருக்கிறது. அந்த நெருக்கத்தைத் தவறாகப் பயன்படுத்துபவர்கள் இருக்கிறார்கள். எனவே இதில் தயவு தாட்சண்யம் கூடாது. ரகசியம் ஊரின் கண்களிடமிருந்து மட்டும்தான். பெற்றோருக்கு மன்றம் எங்கே, எப்போது, யார் பொறுப்பு என்பது எழுத்தில் தெரிந்திருக்க வேண்டும். முன்னறிவிப்பு இல்லாமல் எந்தப் பெற்றோரும் எந்த நேரமும் கதவைத் தட்டலாம். தட்டினால் திறக்க வேண்டும். கதவைச் சாத்தலாம், தாழிடக் கூடாது. எந்தப் பிள்ளையோடும் ஒரு பெரியவர் தனியாக இருக்கக் கூடாது, எப்போதும் இரண்டு பேர். பெண் பிள்ளைகள் இருக்கும் மன்றத்தில் அந்த இருவரில் ஒருவராவது பெண். தூக்குவதற்கு முன் "தூக்கட்டுமா?" என்று கேட்க வேண்டும், பிள்ளை தலையாட்டும்வரை காத்திருக்க வேண்டும். "இதை வீட்டில் சொல்லாதே" என்று எந்தப் பெரியவராவது ஒரு பிள்ளையிடம் சொன்னால் அன்றோடு அவர் வெளியே. 1098 என்ற குழந்தைகள் உதவி எண் சுவரில் எழுதியிருக்கட்டும், பார்வையற்ற பிள்ளைகளுக்கு மனப்பாடமாகட்டும், பேச வராத பிள்ளைகளுக்கு அதைச் சுட்டிக்காட்டும் அட்டை இருக்கட்டும்.

இதையெல்லாம் சொன்ன பிறகும் சில அம்மாக்கள் வாசலைவிட்டு நகர மாட்டார்கள். முதல் நாளில் அநேகமாக இப்படித்தான் நடக்கும்:

"ஏட்டி, விழுந்துரப்போற. நானும் ஒரு ஓரமா இருக்கேன்."

"யம்மா, நீ வெளிய இரு. விழத்தான வந்திருக்கேன்."

அந்த அம்மாவை விரட்டாதீர்கள். பக்கத்து அறையில் மற்ற அம்மாக்களோடு உட்காரவையுங்கள், ஒரு டீ கொடுங்கள். பிறந்த நாள் முதல் அந்தப் பிள்ளையைத் தூக்கிச் சுமந்து முதுகுவலி வந்தவர் அவர். இத்தனை வருஷத்தில் அந்த ஒரு மணி நேரம்தான் அவர் கையில் பிள்ளை இல்லாமல் உட்கார்ந்திருக்கிறார். கொஞ்ச நாளில் அந்த அறையும் ஒரு மன்றமாகிவிடும்.

முதல் பாடம்: விழுவது

வீல்சேர் பிள்ளைகளுக்கு முதலில் சொல்லித்தர வேண்டியது ஓட்டுவதை அல்ல, விழுவதை. பின்பக்கம் கவிழப் போகிறோம் என்று தெரிந்தவுடன் மோவாயை நெஞ்சோடு ஒட்டிவிட வேண்டும். அப்போதுதான் பின்மண்டை தரையில் மோதாது. ஒரு கையைத் தொடைக்குக் குறுக்கே போட்டு முழங்கால்களை அழுத்த வேண்டும், இல்லையென்றால் கால்கள் மடங்கி வந்து முகத்தில் இடிக்கும். கையைப் பின்னால் ஊன்றவே கூடாது, மணிக்கட்டு போய்விடும். பின்னால் தடிமனான மெத்தை போட்டு, இருவர் கைப்பிடியைப் பிடித்து மெதுவாகச் சாய்த்து இறக்கிப் பழக்குங்கள். பத்துத் தடவை இறக்கிய பிறகு பிள்ளை சிரிக்க ஆரம்பிக்கும். பயம் தெளிந்தது அப்போது தெரிந்துவிடும்.

அடுத்தது முன்சக்கரம் தூக்குவது. நம் வீடுகளின் நிலைப்படி, கடை வாசலின் சிமென்ட் மேடு, சாக்கடை மூடியின் விளிம்பு எல்லாவற்றுக்கும் இது வேண்டும். தள்ளும் வளையத்தை உச்சிக்குச் சற்றுப் பின்னால் பிடித்து, உடம்பை இருக்கையோடு சாய்த்து, சட்டென்று முன்னால் ஒரு தள்ளு. சின்ன முன்சக்கரங்கள் மேலே எழும். அவை படிக்கு மேல் போனதும் உடம்பை முன்னால் கொண்டுவந்து பெரிய சக்கரத்தை உருட்ட வேண்டும். ஒருவர் பின்னால் நிற்க வேண்டும். அவர் கை கைப்பிடியைத் தொடாமல், ஒரு விரற்கடை தள்ளி இருக்க வேண்டும். தொட்டுக்கொண்டே இருந்தால் பிள்ளைக்குச் சமநிலை வராது, தள்ளி நின்றால் பிடிக்க முடியாது. இரும்புக் குழாயில் செய்த கனமான மருத்துவமனை நாற்காலியில் இதெல்லாம் கஷ்டம். பிள்ளையின் இடுப்பளவுக்குப் பொருந்தும் எடை குறைந்த நாற்காலி கிடைக்கப் பாடுபடுங்கள்.

நாற்காலியிலிருந்து கட்டிலுக்கோ ஆட்டோவுக்கோ மாறுவதற்கு ஒரே ஒரு சூத்திரம் போதும்: தலை ஒரு பக்கம் போனால் இடுப்பு மறுபக்கம் போகும். வலப்பக்கக் கட்டிலுக்குப் போக வேண்டுமானால் தலையை இடப்பக்கமாக முன்னால் குனிய வேண்டும். தலை எதிர்த்திசையில் கீழே போகும்போது இடுப்பு தானாக எழும்பும். பிரேக் போட்டாயிற்றா, நாற்காலி கட்டிலோடு சாய்வாக நிற்கிறதா, கால் பலகையை ஒதுக்கியாயிற்றா என்று வாய்விட்டுச் சொல்லிப் பழக்குங்கள்.

சாரல் காலத்து எச்சரிக்கை

தென்காசிப் பக்கம் ஜூனில் தொடங்கி ஆகஸ்ட் வரை சாரல். குற்றாலத்துக்கு ஊரே கிளம்பும் காலம். வீல்சேர் ஓட்டுபவருக்குத் தனிக் கவனம் வேண்டிய காலமும் அதுதான். நனைந்த தள்ளு வளையம் கையில் நிற்காது, வழுக்கும். நனைந்த டயரில் பிரேக் கட்டையும் சரியாகப் பிடிக்காது. வளையத்தில் பழைய சைக்கிள் ட்யூபை நெருக்கமாகச் சுற்றிக்கொண்டால் பிடி கிடைக்கும். விரல் மடங்காதவர்களுக்கு வெயில் காலத்திலும் இது உதவும். ஈர இறக்கத்தில் பின்னால் சாய்ந்து, வேகம் ஏறும் முன்பே இருகையாலும் சீராகப் பிடித்துக்கொண்டு இறங்க வேண்டும். பக்கவாட்டில் திருப்பக் கூடாது. அருவிக்கரைப் பாசிக் கல்லில் வீல்சேரோ ஊன்றுகோலோ நிற்காது. ஐந்தருவிக்கோ பழைய குற்றாலத்துக்கோ போனால், பிடிக்க ஆள் பலம் இல்லாமல் தண்ணீர்ப் பக்கம் போக வேண்டாம். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து பதினேழு வயது மாணவர் ஒருவரை அடித்துச் சென்றது. நல்ல கால்பலம் உள்ள கூட்டமே சிதறி ஓடிய நிமிடங்கள் அவை. காவலர் விசில் ஊதினால் குளித்தது போதுமென்று திரும்பிவிடுங்கள்.

ட்யூப் விஷயத்தில் ஒன்று. பிறவியிலேயே முதுகெலும்பு சரியாக மூடாமல் பிறந்த பிள்ளைகள் பலருக்கு ரப்பர் ஒவ்வாமை இருக்கும். ரப்பர் கையுறை, பலூன், ட்யூப் எதைத் தொட்டாலும் தடிப்பு வரலாம், சிலருக்கு மூச்சே திணறலாம். மன்றத்தில் சேர்க்கும் படிவத்திலேயே இதைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பிறந்தநாளுக்குப் பலூன் கட்டும் வழக்கத்தையும் விட்டுவிடலாம்.

தோல் மீது ஒரு கண்

தண்டுவடம் பாதிக்கப்பட்ட பிள்ளைகளின் உயிருக்கு உலை வைப்பது படுக்கைப்புண். வலி தெரியாததால் உட்கார்ந்த இடத்திலேயே தோல் செத்துக்கொண்டிருக்கும், பிள்ளைக்குத் தெரியாது. கால் மணி அல்லது அரை மணிக்கு ஒருமுறை முன்னால் நன்றாகக் குனிந்தோ, ஒரு பக்கம் சாய்ந்தோ, ஒன்றிரண்டு நிமிடம் உட்காரும் இடத்துக்கு ஓய்வு கொடுக்க வேண்டும். மன்றத்தில் ஒரு மணி வைத்து அடியுங்கள். மணி அடித்ததும் பேச்சு நடந்தாலும் விளையாட்டு நடந்தாலும் எல்லோரும் குனிய வேண்டும், கால் நன்றாக உள்ள தொண்டர்கள் உட்பட. காலையிலும் இரவிலும் கைக்கண்ணாடி வைத்துப் பிட்டத்தையும் குதிகாலையும் தானே பார்க்கப் பழக்குங்கள். அழுத்தினாலும் மாறாத சிவப்போ கருமையோ தெரிந்தால் அந்தப் பக்கம் உட்காரவே கூடாது, டாக்டரிடம் காட்ட வேண்டும்.

சூடும் இப்படித்தான். நண்பகல் வெயிலில் கோயில் பிரகாரக் கல், பேருந்து நிலைய இரும்புப் பெஞ்சு, பைக் சைலன்ஸர், மடியில் வைத்த சூடான தூக்குவாளி எதுவும் சுட்டது தெரியாமல் கொப்புளம் போட்டுவிடும். மேல்முதுகு அல்லது கழுத்து மட்டத்தில் தண்டுவடம் பாதிக்கப்பட்டவர்களுக்கு அடிபட்ட இடத்துக்குக் கீழே வியர்க்காது. கோடையில் அவர்கள் உடம்பு கொதிக்கும். ஈரத் துண்டு, தண்ணீர்த் தெளிப்பான் கையில் இருக்க வேண்டும்.

இதே பிள்ளைகளுக்குத் திடீரென்று மண்டை பிளக்கும் தலைவலி, முகச் சிவப்பு, கழுத்துக்கு மேலே வியர்வை வந்தால் அது அவசர நிலை. ரத்த அழுத்தம் தாறுமாறாக ஏறுகிறது என்று அர்த்தம். படுக்க வைக்காதீர்கள், நிமிர்த்தி உட்கார வையுங்கள். இடுப்பு வார், காலுறை, இறுக்கமான உடையைத் தளர்த்துங்கள். சிறுநீர்க் குழாய் மடங்கியிருக்கிறதா, பை நிரம்பியிருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் காரணம் அதுவாகத்தான் இருக்கும். அதைச் சரிசெய்தும் குறையவில்லை என்றால் 108ஐ அழையுங்கள். எல்லா டாக்டருக்கும் இது உடனே பிடிபட வேண்டும் என்பதில்லை. அறிகுறியையும் காரணத்தையும் தமிழில் எழுதிய சீட்டு ஒன்று பிள்ளையின் பையில் இருக்கட்டும்.

தசைச்சிதைவு நோய் உள்ள பிள்ளைகளை மற்றவர்களோடு போட்டி போட வைத்துக் களைக்க வைக்காதீர்கள். 'இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்' என்ற பயிற்சி அவர்களின் தசைக்குக் கேடு. மறுநாள் வரை வலியும் அசதியும் நீடித்தால் முந்தைய நாள் பயிற்சி அதிகம். சங்கர ராமன் அவர்களின் வாழ்க்கை இவர்களுக்குச் சொல்வது வேறு. கணக்கு, நிர்வாகம், திட்டமிடல் என்று மன்றத்தையே நடத்தும் வேலையை இவர்களிடம் கொடுங்கள்.

விளையாட்டு

விளையாட்டைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், கற்றுத்தரும் அமைப்புகள் இருக்கின்றன. மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைகளுக்குப் போச்சியா நல்ல விளையாட்டு. ஒரு வெள்ளைப் பந்து, அதன் பக்கத்தில் போய் நிற்க ஆறு சிவப்பு, ஆறு நீலம். முறையான பந்து 275 கிராம் இருக்கும். தொடக்கத்துக்குப் புளியங்கொட்டை நிரப்பித் தைத்த துணிப்பந்தே போதும். கையால் எறிய முடியாத பிள்ளை சாய்பலகை வழியாகத் தலையால் தள்ளி உருட்டலாம். பார்வையற்ற பிள்ளைகளுக்கு மணி வைத்த பந்தில் கோல்பால், அதில் பார்வை உள்ளவர்களும் கண்ணைக் கட்டிக்கொண்டு ஆட வேண்டும். வீல்சேர் கூடைப்பந்தில் வளையத்தின் உயரம் சாதாரணக் கூடைப்பந்தின் அதே 3.05 மீட்டர்தான்.

சேலம் மாவட்டத்து மாரியப்பன் தங்கவேலு 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கியதும், 2024 பாரிஸில் துளசிமதி முருகேசன் வெள்ளியும், 19 வயதில் மனிஷா ராமதாஸும் நித்ய ஸ்ரீ சிவனும் வெண்கலமும் வாங்கியதும் பிள்ளைகளுக்குத் தெரியட்டும். அதோடு, பதக்கம் வாங்காத பிள்ளைக்கும் மன்றத்தில் அதே மரியாதை உண்டு என்பதும் தெரியட்டும்.

களப்பணி

ஆறு மாதம் அறைக்குள் பழகிய பிள்ளைகளுக்கு வெளியே ஒரு வேலை கொடுக்க வேண்டும். சக்தி இருப்பவருக்குக் கடமையும் உண்டு என்று அவர்கள் படிக்கும் எல்லாக் கதையிலும் வருகிறதே, அந்தக் கடமையை இங்கே காட்டுங்கள்.

1951இல் நியூயார்க் அருகே மலைப்பகுதியில் ஜெனெட் என்ற கோடை முகாம் தொடங்கியது. போலியோ, மூளை முடக்குவாதம் உள்ள பதின்வயதினர் வீட்டார் இல்லாமல் தங்கிய இடம். அங்கே வளர்ந்த பிள்ளைகளில் ஒருவர் ஜூடித் ஹியூமன். 1977இல் அவரும் அந்த முகாமின் பழைய நண்பர்கள் சிலரும் சான் பிரான்சிஸ்கோவின் மத்திய அரசுக் கட்டடம் ஒன்றில் மூன்று வாரத்துக்கும் மேலாக உட்கார்ந்து, கிடப்பில் போட்டிருந்த ஊனமுற்றோர் உரிமை விதிகளில் அமைச்சரைக் கையெழுத்துப் போட வைத்தார்கள். தொலைபேசித் தொடர்பைத் துண்டித்தபோது காது கேளாதவர்கள் சன்னல் வழியே சைகையில் வெளியே செய்தி அனுப்பினார்கள்.

உங்கள் பிள்ளைகளுக்கு ஓர் அளவு நாடாவும் நோட்டும் போதும். ரேஷன் கடை, நூலகம், இ-சேவை மையம், வங்கி, பேருந்து நிலையக் கழிப்பறை எல்லாவற்றையும் அவர்களே போய் அளக்கட்டும். கதவு 90 சென்டிமீட்டர் அகலமா? உள்ளே திரும்ப ஒன்றரை மீட்டர் இடம் இருக்கிறதா? சாய்தளம் ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற கணக்கில் இருக்கிறதா? 15 சென்டிமீட்டர் படிக்கு 1.8 மீட்டர் நீளச் சரிவு வேண்டும். நாம் பார்க்கும் சாய்தளங்கள் பல, லாரியில் மூட்டை ஏற்றும் பலகை அளவுக்குச் செங்குத்தானவை. வீல்சேரில் தானே ஏற முடியாத சாய்தளத்தை நோட்டில் 'இல்லை' என்றே எழுதச் சொல்லுங்கள்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் நிறைவேறியது. விதிகள் 2017 ஜூனில் வெளிவந்தன. அன்றிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் பொதுக் கட்டடங்களை எல்லோரும் பயன்படுத்தும்படி மாற்ற வேண்டும் என்று 45ஆவது பிரிவு சொல்கிறது. அந்தக் கெடு 2022லேயே முடிந்துவிட்டது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம், இந்த வசதிகள் பரிந்துரை அளவில் நின்றுவிடக் கூடாது, கட்டாய விதிகளாக வர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. இத்தனையும் பிள்ளைகளின் பக்கம் இருக்கிறது. அளவுகளையும் படங்களையும் சேர்த்து மனு எழுதி, திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளில் அவர்களே கொடுக்கட்டும். நீங்கள் பின்னால் நில்லுங்கள். அதிகாரி உங்களைப் பார்த்துக் கேள்வி கேட்டால் பிள்ளையைக் காட்டுங்கள். ரசீது எண்ணை வாங்கி மன்றச் சுவரில் ஒட்டுங்கள், ஒரு மாதம் கழித்து அதே எண்ணோடு மறுபடி போங்கள்.

முதல் மனுவுக்குச் சாய்தளம் வந்துவிடும் என்று பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள். மூன்றாவது, நான்காவது முறைதான் காரியம் நடக்கும். நடக்கும்வரை போவதும் பயிற்சிதான்.

யார் சொல்லிக்கொடுப்பது?

பிசியோதெரபிஸ்ட் வேண்டும், விளையாட்டு ஆசிரியர் வேண்டும், அவசரத்துக்கு டாக்டர் வேண்டும். இவர்களையெல்லாம் தேடிவிடலாம். கிடைக்காமல் போவது, இருபது வருஷம் வீல்சேரில் இருந்து பஸ் ஏறி, வேலைக்குப் போய், கல்யாணம் செய்து, வாடகை வீடு தேடி அலைந்த ஒருவர்தான். சிறுநீர்ப்பை நிரம்பியதை எப்படித் தெரிந்துகொள்வது, மாதவிடாய் நாளில் தனியாக எப்படிச் சமாளிப்பது, உறவினர் வீட்டு விசேஷத்தில் கழிப்பறைக்கு என்ன செய்வது, காதல் வந்தால் என்ன என்று பிள்ளைகள் கேட்க விரும்பும் கேள்விகளுக்கு அவரிடம்தான் பதில் இருக்கிறது. ஆய்க்குடியில் 1981 முதல் அப்படிப்பட்டவர்கள் முன்னால் இருக்கிறார்கள். மற்ற ஊர்களில் அவர்கள் வீட்டுத் திண்ணையோடு நின்றுவிட்டார்கள்.

அந்த வரியில் உங்களைக் கண்டுகொண்டால், உங்களிடம் ஒரு வேண்டுகோள். சனிக்கிழமை மாலையில் இரண்டு மணி நேரம் கொடுங்கள். சம்பளம் தரும் மன்றம் என்றால் சம்பளம் கேளுங்கள், ஆட்டோக் கூலியும் கேளுங்கள், வெட்கப்பட வேண்டாம். உங்கள் ஊரில் மன்றம் இல்லையென்றால் பக்கத்துத் தெருவில் ஒரு பிள்ளை கட்டாயம் இருக்கும். அந்த வீட்டுக்குப் போய், "நான் சொல்லித்தாரேன்" என்று முதலில் சொல்லுங்கள்.